கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் நீர்... அப்படியே குடிக்கலாமா? வீட்டில் வளர்ப்பது முதல் பயன்படுத்துவது வரை

மொட்டை மாடியில் ஒரு தொட்டி, வாசல் நிலைப்படியில் தலைகீழாகத் தொங்கும் ஒரு செடி, ஃப்ரிட்ஜ் கதவில் பாதி வெட்டி வைத்த ஒரு மடல். கற்றாழை இல்லாத தெருவைத் தமிழ்நாட்டில் பார்ப்பது கஷ்டம். முகத்துக்கா? கற்றாழை. முடி கொட்டுதா? கற்றாழை. கை சுட்டுடுச்சா? அதுக்கும் கற்றாழை. இது போதாதென்று, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மடலை மிக்ஸியில் அடித்துக் குடித்தால் உடம்பு எடை முதல் சர்க்கரை வரை எல்லாம் இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு குறிப்பு வந்துவிடுகிறது.

அந்தக் குறிப்புகளில் பெரும்பாலும் ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருக்கும். மடலை வெட்டியவுடன் மஞ்சளாக ஒரு நீர் வடியுமே, அதை என்ன செய்வது என்ற வரி. கற்றாழையால் வீட்டில் வரும் வயிற்றுச் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியில்தான் இருக்கின்றன. இதுகுறித்து விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு மடலுக்குள் மூன்று அடுக்கு

கற்றாழை மடலைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் வெளியே தடிமனான பச்சைத் தோல். நடுவில் கண்ணாடி போல வழுவழுப்பான சதை. இதைத்தான் கற்றாழைச் சோறு என்கிறோம், சோற்றுக் கற்றாழை என்ற பெயரும் இதனால் வந்ததுதான். இந்தச் சோற்றில் சுமார் 99 சதவீதம் வெறும் தண்ணீர். மிச்சமுள்ள ஒரு சதவீதத்தில்தான் வழுவழுப்பைக் கொடுக்கும் சர்க்கரைக் கூட்டுப்பொருட்களும், கொஞ்சம் தாது உப்புகளும், மற்றவைகளும்.

இந்த இரண்டுக்கும் நடுவே, தோலை ஒட்டி உள்பக்கமாக மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அதில் இருப்பதுதான் மஞ்சள் பால். நாக்கில் பட்டால் கடும் கசப்பு. அலோயின் என்ற வேதிப்பொருள் இதில் இருக்கிறது. ஆடு, மாடு கடிக்காமல் இருக்கச் செடி தனக்காக வைத்திருக்கும் காவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் வயிற்றுக்குள் போனால் இது பெருங்குடலைத் தூண்டி பேதியை உண்டாக்கும்.

நம் முன்னோர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. இந்த மஞ்சள் பாலைக் காயவைத்து எடுக்கும் கறுப்புக் கட்டிக்குத்தான் கரியபோளம், மூசாம்பரம் என்று பெயர். நாட்டு மருந்துக் கடைகளில் இன்றைக்கும் கிடைக்கும். சித்த மருத்துவத்தில் சோற்றைக் 'குமரி' என்ற பெயரில் ஒரு மருந்தாகவும், இந்தக் கட்டியை வேறு ஒரு மருந்தாகவும் தனித்தனியாகத்தான் கையாள்கிறார்கள். சோற்றை ஏழு முறை கழுவி எடு என்று பாட்டிகள் சொல்வதும் வெறும் சாங்கியம் இல்லை, ஒட்டியிருக்கும் மஞ்சள் பாலைப் போக்கத்தான். மிக்ஸியில் தோலோடு போட்டு அடிக்கும் இன்றைய ஜூஸ் குறிப்பு, இரண்டையும் ஒரே டம்ளரில் கலந்துவிடுகிறது.

முதலில், அது கற்றாழைதானா?

சிரிக்க வேண்டாம், இந்தக் கேள்வி முக்கியம். சாலையோரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் பெரிது பெரிதாக வளர்ந்து நிற்கும் ஆனைக் கற்றாழை, நம் சோற்றுக் கற்றாழைக்குச் சொந்தம் மாதிரி தெரியும். ஆனால் அது அகேவ் என்ற வேறு இனம், அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது. அதன் சாறு தோலில் பட்டால் அரிப்பு, எரிச்சல், சிவந்த தடிப்பு வரும். ஊசி மாதிரியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் அதில் இருப்பதே காரணம். முகத்தில் பூசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். ஆனைக் கற்றாழையின் நுனியில் கடினமான, கறுத்த ஒரு முள் இருக்கும். மடலை உடைத்தால் நார் நாராகத்தான் பிரியும். சோற்றுக் கற்றாழையின் நுனியில் அப்படி ஊசி முள் கிடையாது. ஓரங்களில் மட்டும் சிறிய, மெத்தென்ற பற்கள் இருக்கும். வளைத்தால் மடல் 'டொக்'கென்று ஒடிந்து உள்ளே சோறு தெரியும்.

நர்சரியில் இன்னொரு குழப்பம் உண்டு. மேசை மேல் வைக்கிற அழகுக் கற்றாழைகள் பல வந்துவிட்டன. உள்ளங்கை அளவில் நின்றுவிடும், அவற்றைத் தின்னவோ பூசவோ வாங்கக் கூடாது. மடலில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது அழகுச் செடி என்று சிலர் சொல்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. சோற்றுக் கற்றாழையின் சின்னக் குட்டிகளுக்கும் புள்ளி இருக்கும், வளர வளர மறைந்துவிடும். தெரிந்தவர் வீட்டில் நன்றாக விளைந்த செடியில் இருந்து ஒரு குட்டி வாங்கி வருவது நல்லது. காசும் மிச்சம், சந்தேகமும் இல்லை.

இந்தச் செடியின் சொந்த ஊர் அரேபியத் தீபகற்பம், அங்கேயும் குறிப்பாக ஓமன் பக்கம் என்பது தாவரவியலாளர்களின் கணிப்பு. பாறையும் வெயிலுமான அந்த ஊரை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் தண்ணீர் ஊற்றுவது பற்றி வரும் பகுதி தானாகப் புரியும்.

மடலை எப்படி வெட்டுவது?

செடியின் நடுவில் நிற்கும் இளம் மடல்களைத் தொடக் கூடாது. வெளிவட்டத்தில், அடியில் இருக்கும் முற்றிய மடலைத் தண்டை ஒட்டி வெட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்று, அதிகபட்சம் இரண்டு. பாதி மடலை வெட்டிவிட்டு மீதியைச் செடியிலேயே விடும் பழக்கம் பலருக்கு உண்டு. காயம் ஆறிவிடும் என்றாலும் அந்த அரை மடல் அசிங்கமாகக் காய்ந்து நிற்கும், மழைக்காலத்தில் அழுகவும் செய்யும்.

வெட்டிய மடலை அப்படியே சமையல் மேடையில் படுக்க வைக்காதீர்கள். வெட்டுப்பட்ட பக்கம் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரிலோ கிண்ணத்திலோ 10, 15 நிமிடம் நிற்க வையுங்கள். மஞ்சள் பால் தானாக வடிந்துவிடும். துணியில் பட்டால் கறை, அதனால் நல்ல சட்டையோடு இந்த வேலைக்கு உட்கார வேண்டாம். வடிந்த பிறகு மடலைக் கழுவி, இரண்டு ஓரத்து முட்களையும் நீளவாக்கில் சீவி, மேல் தோலை எடுத்து, ஸ்பூனால் சோற்றை வழித்தெடுக்க வேண்டும். தோலை ஒட்டி அழுத்திச் சுரண்டினால் குழாய்களில் மிச்சம் இருக்கும் பாலும் சேர்ந்து வந்துவிடும். கொஞ்சம் சோறு வீணானாலும் பரவாயில்லை, விட்டுடுங்க.

எடுத்த சோற்றைத் துண்டு போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசப்பு இருந்தால் இன்னும் அலச வேண்டும். சரியாகச் சுத்தம் செய்த சோற்றுக்கு ருசியே இருக்காது.

மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். நிறம் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் காற்றுப் பட்டு மாறத் தொடங்கிவிட்டது என்று பொருள். கெட்ட வாடை வந்தால் குப்பைக்குத்தான். நிறைய இருந்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடலாம். வெயிலில் சுற்றிவிட்டு வந்து ஒரு கட்டியை எடுத்துத் துணியில் சுற்றிக் கழுத்தில் ஒற்றிக்கொள்ள நன்றாக இருக்கும்.

குடிக்கலாமா, கூடாதா?

கோடையில் தள்ளுவண்டியில் மோரில் போட்டுத் தரும் நன்றாக அலசிய நாலு துண்டு கற்றாழைச் சோறு, ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு எப்போதாவது ஒரு நாள் பிரச்சனை தராது. வீட்டிலும் அப்படியே. மோர், உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, அலசிய சோறு. அவ்வளவுதான். ராஜஸ்தானில் மடலை வேகவைத்துக் காய்கறியாகவே சமைக்கிறார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மடலை முழுசாக அடித்து, தினமும், மாதக்கணக்கில் 'உடம்பு சுத்தமாகும்' என்று குடிக்கும்போது. அப்போது குடிப்பது சோறு மட்டும் இல்லை, பேதி மருந்தும்தான். வயிற்று வலியும் பேதியும் வந்தால் 'கழிவு வெளியேறுது' என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் வெளியேறுவது தண்ணீரும் பொட்டாசியமும். ஓரிரு கிலோ எடை குறைந்தது போலத் தெரிவதும் இதனால்தான்.

அமெரிக்காவில் கடைகளில் சீட்டு இல்லாமல் விற்கும் மலமிளக்கிகளில் இந்தக் கற்றாழைப் பால் ஒரு காலத்தில் சேர்க்கப்பட்டது. பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் தரப்படவில்லை என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2002-ல் அதை நிறுத்திவிட்டது. பிறகு அங்கே அரசின் தேசிய நச்சியல் திட்டம், மஞ்சள் பால் நீக்காத முழு மடல் சாற்றைக் குடிதண்ணீரில் கலந்து இரண்டு ஆண்டுகள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. பெருங்குடலில் கட்டிகள் வந்தன. இதையொட்டி உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, முழு மடல் சாற்றை '2பி' பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு மாடித் தொட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சொல்லப்பட்டிருப்பது முழு மடல் சாறு பற்றி. அலசிய சோற்றைப் பற்றியோ முகத்தில் பூசுவதைப் பற்றியோ அல்ல. எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கு நடக்கும் என்றும் இந்தப் பிரிவு சொல்லவில்லை. ஆனால் 'இயற்கைதானே, என்ன ஆகிடப் போகுது' என்று மாதக்கணக்கில் தோலோடு அடித்துக் குடிப்பவர்கள் நிறுத்திவிட இந்த ஒரு காரணமே போதும்.

சிலர் ஒரு ஸ்பூன்கூட யோசிக்காமல் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகள் முதலில். மஞ்சள் பால் கருப்பையைச் சுருங்கத் தூண்டலாம் என்ற அச்சம் இருப்பதால் எல்லா மருத்துவ முறைகளிலும் எச்சரிக்கிறார்கள். பாலூட்டும் தாய்மார்களும் சிறு குழந்தைகளும் அடுத்து. சிறுநீரகக் கோளாறு, குடல் புண், மூலம் உள்ளவர்களும் தள்ளியே இருக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், கற்றாழையும் சேர்ந்தால் சர்க்கரை அளவு ரொம்பக் கீழே போக வாய்ப்பு உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். இதய நோய்க்கு டிகாக்சின் சாப்பிடுபவர்களும், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களும் பேதியால் பொட்டாசியம் குறைந்தால் ஆபத்தான நிலைக்குப் போகலாம். வீட்டில் தாத்தா, பாட்டிக்கு 'உடம்புக்கு நல்லது' என்று அன்பாக அடித்துக் கொடுப்பதற்கு முன்னால், அவர்களுடைய மருந்துச் சீட்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்வது அவசியம்.

தீக்காயத்துக்குப் பூசலாமா?

தோசைக்கல்லில் விரல் பட்டுவிட்டது. குக்கர் ஆவி அடித்துவிட்டது. உடனே மாடிக்கு ஓடி மடல் வெட்டக் கூடாது. முதல் வேலை குழாய்த் தண்ணீர். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். 20 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமான நேரம், கடிகாரத்தைப் பார்த்துக் காட்டுங்கள். தோலின் அடியில் இருக்கும் சூடு இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். வீங்குவதற்கு முன்பே மோதிரம், வளையலைக் கழற்றிவிட வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. பேனா மை, டூத்பேஸ்ட், இட்லி மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். காயத்தைப் பார்க்க முடியாமல் டாக்டர் அதையெல்லாம் தேய்த்து எடுக்கும்போது வலி இரட்டிப்பாகும்.

தண்ணீரில் காட்டி முடித்த பிறகு, தோல் வெறும் சிவப்பாக மட்டும் இருந்தால், கொப்புளம் உடையாமல், தோல் கிழியாமல் இருந்தால், கற்றாழைச் சோற்றைத் தடவலாம். எரிச்சல் அடங்கும், ஈரமும் நிற்கும். இதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. தாய்லாந்து ஆய்வாளர்கள் 2007-ல், மொத்தம் 371 பேர் பங்கேற்ற நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மேலோட்டமான தீக்காயங்கள் ஆறும் நாட்கள் கற்றாழையால் குறைவதுபோலத் தெரிந்தது. ஆனால் ஆய்வுகள் சிறியவை, பயன்படுத்திய தயாரிப்புகளும் ஒன்றுபோல இல்லை.

ஆழமான புண்ணுக்கும் அறுவை சிகிச்சைத் தையலுக்கும் கதை வேறு. சிசேரியன் காயம் ஆறாமல் திறந்துகொண்ட பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 1991-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கற்றாழை ஜெல் வைத்தவர்களுக்குப் புண் ஆற அதிக நாள் பிடித்தது. தொட்டியில் இருந்து வெட்டிய மடல் கிருமி நீக்கியது அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. மண், மாட்டுச்சாண உரம் எல்லாம் பட்டு வளர்ந்ததுதானே.

காயம் பட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிய தீக்காயம், முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டது, மின்சாரம் அல்லது ஆசிட் பட்டது, குழந்தைகளுக்கு ஏற்பட்ட எந்தத் தீக்காயமும் நேராக மருத்துவமனைக்குத்தான். 108-க்கு அழைத்துவிட்டுத் தண்ணீரில் காட்டிக்கொண்டே இருங்கள்.

முகத்துக்கும் முடிக்கும்

வெயிலில் போய்விட்டு வந்து காந்தும் முகத்துக்கு, ஷேவ் செய்த பிறகு எரியும் தாடைக்கு, கொசு கடித்த இடத்துக்குக் கற்றாழை நல்ல துணை. குளிர்ச்சிக்குப் பெரிய காரணம், 99 சதவீதம் தண்ணீர் தோலில் இருந்து ஆவியாவதுதான். ஆனால் வெயிலுக்குப் போகும் முன் பூசிக்கொண்டால் சன்ஸ்கிரீன் போல வேலை செய்யும் என்பது தவறு. அது வெயிலைத் தடுக்காது.

சிலருக்குக் கற்றாழையே ஒத்துக்கொள்ளாது. அதனால் முதல்முறை பூசுவதற்கு முன் முழங்கையின் உள்மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். சிவந்து அரித்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். பல நேரங்களில் அரிப்புக்குக் காரணம் சோறு இல்லை, வடியாத மஞ்சள் பால். கற்றாழையோடு எலுமிச்சைச் சாறு கலந்து முகத்தில் பூசும் குறிப்பும் இணையத்தில் சுற்றுகிறது. எலுமிச்சையோடு வெயிலில் போனால் தோல் கொப்பளித்துக் கறுத்துவிடும், அதைத் தவிருங்கள்.

தலைக்குத் தேய்த்தால் வறட்சி குறையும், முடி வழவழப்பாகும், சீப்பு சிக்காமல் இறங்கும். கொட்டிய முடியைத் திரும்ப முளைக்க வைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வழுக்கை விழத் தொடங்கியவர்கள் ஆறு மாதம் கற்றாழையை நம்பி உட்கார்ந்துவிட்டு அப்புறம் தோல் மருத்துவரிடம் போவது தாமதம்தான்.

வீட்டில் கற்றாழை எண்ணெய் காய்ச்சுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெயில் சோற்றைப் போட்டால் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து பயங்கரமாகத் தெறிக்கும். அடி கனமான பாத்திரத்தில், பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாமல், சிறு தீயில் வைத்து, குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். சலசலப்புச் சத்தம் முழுசாக அடங்கி, சோறு முறுகும் வரை காய்ச்ச வேண்டும். சத்தம் வருகிறது என்றால் ஈரம் இருக்கிறது, ஈரம் இருந்தால் எண்ணெய் சிக்கு வாடை அடித்துப் பூஞ்சை பிடிக்கும்.

கடையில் வாங்கும் பச்சை ஜெல்?

கற்றாழைச் சோற்றுக்கு நிறம் கிடையாது. டப்பாவில் பளபளவென்று பச்சையாக இருந்தால் அது சேர்த்த வண்ணம். 2016-ல் அமெரிக்காவில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் கடைகளில் வாங்கிய சில கற்றாழை ஜெல்களை ஆய்வகத்துக்கு அனுப்பியபோது, கற்றாழைக்கான வேதி அடையாளமே அவற்றில் தென்படவில்லை. வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கற்றாழையின் பெயர் 'அலோ பார்படென்சிஸ்' என்று இருக்கும். அது பட்டியலின் முதல் சில பெயர்களில் இருக்கிறதா, கடைசியில் வாசனைப் பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதே விஷயத்தைச் சொல்லிவிடும்.

இரவில் ஆக்சிஜன் தருமா?

படுக்கையறையில் கற்றாழை வைத்தால் ராத்திரி முழுக்க ஆக்சிஜன் கிடைக்கும் என்று ஒரு பேச்சு. இதில் பாதி உண்மை இருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை இழுக்கும். கற்றாழை, தண்ணீரைச் சேமிக்க, வெயில் நேரத்தில் துளைகளை மூடிவிட்டு ராத்திரியில் திறந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்து வைத்துக்கொள்கிறது. ஆனால் ஆக்சிஜன் உருவாக வெளிச்சம் வேண்டும். அது பகல் வேலைதான்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்பதும் 1989-ல் நாசா செய்த ஆய்வில் இருந்து கிளம்பியது. அந்தச் சோதனை நடந்தது மூடி அடைத்த சின்னப் பெட்டிகளுக்குள். 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் பழைய முடிவுகளை வீடுகளுக்குப் பொருத்திக் கணக்குப் போட்டார்கள். காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டுமாம். கட்டில் போட இடம் இருக்காது. ஜன்னலைத் திறந்து வைப்பது மேல்.

வாசலில் திருஷ்டிக்காகத் தலைகீழாகக் கட்டிய கற்றாழை மாதக்கணக்கில் வாடாமல் இருப்பதற்கும் இந்த மூடித் திறக்கும் வித்தைதான் காரணம். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை, மடலில் இருக்கும் சேமிப்பை மெல்ல மெல்லச் செலவு செய்துகொண்டு அது உயிரோடு இருக்கிறது. மடல் மெலிந்து உள்பக்கம் குழிந்துவிட்டால் சேமிப்பு தீர்ந்துவருகிறது என்று பொருள். அந்த நேரத்தில் அவிழ்த்து மண்ணில் நட்டால் பெரும்பாலும் திரும்பவும் வேர் விட்டுவிடும்.

செடி சாவது தாகத்தால் இல்லை

கற்றாழை வளர்க்கத் தெரியவில்லை, அழுகிப்போகிறது என்பவர்களிடம் கேட்டால் தினமும் தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்வார்கள். ரோஜாவுக்கு ஊற்றும்போது இதற்கும் ஒரு குவளை. அந்த அன்புதான் அதைக் கொல்கிறது.

தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். மண் தொட்டி நல்லது, அதன் பக்கச் சுவர் வழியாகவே ஈரம் உலரும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் தண்ணீர் இன்னும் குறைவாக ஊற்ற வேண்டும். கற்றாழை வேர் ஆழமாகப் போகாது, பக்கவாட்டில் பரவும். அதனால் குறுகி நீண்ட தொட்டியைவிட அகலமானது வசதி. மண் கலவை என்றால் செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மண்புழு உரமோ மக்கிய சாண உரமோ அரைப் பங்கு. மணல் கிடைக்காத இடத்தில் செங்கல் சில்லை உடைத்துப் போடலாம். வெறும் தென்னைநார்க் கழிவில் நட்டுத் தரும் நர்சரிச் செடியை வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்லது, அது நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர்? இதற்கு ஒரே பதில் கிடையாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். துளி ஈரம் பட்டாலும் ஊற்ற வேண்டாம். நன்றாகக் காய்ந்திருந்தால், அடி ஓட்டையில் வடியும் வரை ஊற்றிவிட்டு மறந்துவிடலாம். ஏப்ரல், மே வெயிலில் மாடித் தொட்டிக்கு வாரம் ஒரு முறை, சில நேரம் இரண்டு முறை தேவைப்படும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஊற்றவே தேவை இருக்காது. அந்த மாதங்களில் தொட்டியை சன்ஷேடு அடியில் நகர்த்தி வைத்தால் பாதிச் செடிகள் பிழைத்துக்கொள்ளும். அடித்தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், கொசுவும் வராது. நடுக்குருத்தில் தண்ணீர் தேங்க விடாமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.

வெயில் பிடிக்கும் செடிதான். ஆனாலும் அக்னி நட்சத்திர நாட்களில் மாடித் தரையின் சூடும் சேர்ந்து அடிக்கும்போது மடல் செம்பழுப்பு நிறமாகும். பயப்பட வேண்டாம், நிழல் வலை போட்டாலோ காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றினாலோ பச்சை திரும்பிவிடும். நிழலிலேயே இருந்த செடியை ஒரே நாளில் நடு மாடிக்குத் தூக்கிப் போவதும் தப்பு. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் உறைபனி விழும் இரவுகளில் உள்ளே எடுத்துவிட வேண்டும். மடலில் இருக்கும் தண்ணீர் உறைந்தால் செடி காலி.

மடல் மெலிந்து உள்பக்கம் சுருண்டால் தாகம். மடல் கொழகொழவென்று, பழுப்பாகி, அடியில் நாற்றம் அடித்தால் வேர் அழுகல். தாகத்துக்கு ஒரு முறை தண்ணீர் விட்டால் போதும். அழுகலுக்குச் செடியைப் பிடுங்கி, கறுத்துக் கொழகொழத்த வேரை எல்லாம் வெட்டி எறிந்து, நிழலில் இரண்டு மூன்று நாள் காயப்போட்டு, காய்ந்த புதுக் கலவையில் நட வேண்டும். நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீர் கூடாது. வெளிச்சம் போதாமல் மடல்கள் வெளிறி நீண்டு சாய்ந்தால் ஜன்னல் பக்கம் நகர்த்த வேண்டும். மடல் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிவது மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுத்துவிட்டு, வேப்பெண்ணெயில் துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். மருந்து தெளித்த மடலைச் சில நாள் வெட்டக் கூடாது.

குட்டி பிரிப்பது எப்படி?

மடலை மண்ணில் குத்தி வைத்தால் முளைக்கும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். கற்றாழை மடலில் இருக்கும் தண்ணீருக்கு, பெரும்பாலும் வேர் விடுவதற்குள் அது அழுகிவிடும். செடியே பக்கத்தில் குட்டி போடும், அதைப் பிரித்து நடுவதுதான் வழி. குட்டி அரை அடி உயரம் வந்து, தனியாக நாலைந்து மடலும் சொந்தமாகக் கொஞ்சம் வேரும் விட்டிருக்க வேண்டும். மண் காய்ந்திருக்கும் நாளில் தாய்ச் செடியோடு முழுசாக வெளியே எடுத்து, ஒட்டியிருக்கும் இடத்தைச் சுத்தமான கத்தியால் வெட்டி, ஒரு நாள் நிழலில் காயவிட்டு நட வேண்டும். குட்டிகளை எடுக்காமலே விட்டால் தொட்டி நெரிசலாகி எல்லா மடலும் ஒல்லியாகிவிடும். மொத்தமான மடல் வேண்டும் என்றால் பங்கு போட ஆள் குறைய வேண்டும்.

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். மனிதருக்குப் பேதியாகும் அதே மஞ்சள் பால் அவற்றுக்கு வாந்தி, பேதி, சோர்வைத் தரும். மடலில் பல் பட்ட தடம் இருந்து, செல்லப்பிராணி சுருண்டு படுத்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் போகும்போது கடித்த மடலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.